சீர்த்தட்டில் அமெரிக்கச் சாப்பாடு

எங்கள் தெருவில், ஏன், கீரப்பாளையம் சுற்றுவட்டாரத்திலேயே, அமெரிக்கச் சாப்பாட்டைச் சீர்த்தட்டில் அடுக்கி, மல்லிகைச் சரம் சுற்றி, மேளதாளத்தோடு ஊர்வலம் விட்ட குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். இதை நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அக்காவைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் அவள் தலையில் அடித்துக்கொள்வாள். நடந்தது அவளுடைய மஞ்சள் நீராட்டு விழாவில். ஆனால் நடந்ததை முழுசாகப் பார்த்தவள் நான்தான். பட்டுப்புடவை கட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தலை நிமிர அனுமதி இல்லை. பத்து வயதுத் தங்கச்சியான எனக்கு எங்கு வேண்டுமானாலும் போக அனுமதி இருந்தது. யாரும் என்னைக் கவனிக்கவில்லை என்பதைத்தான் இப்படிக் கௌரவமாகச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்து நான்காம் வருஷம். வாய்க்காலில் தண்ணீரைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. பெரியவர்கள் கரையில் நின்று வானத்தைப் பார்த்தார்கள். நாங்கள் வெடித்துக் கிடந்த வயலுக்குள் இறங்கி கிரிக்கெட் விளையாடினோம். அப்பா ஒரு உரக்கடையில் வேலை பார்த்தார். நாற்றே விடாதவன் உரம் எதற்கு வாங்கப்போகிறான்? வாரத்தில் பாதி நாள் வந்தால் போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அப்பா வீட்டிலிருக்கிற நாள் கூடியதில் எனக்கு ஏக சந்தோஷம். அம்மாவின் காதிலிருந்த தோடு ஒருநாள் காணாமல் போய் அந்த இடத்தில் துடைப்பக் குச்சி வந்தது. அது புது ஃபேஷன் என்று நினைத்து நானும் ஒரு குச்சியைச் செருகிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். சாப்பாடு ரேஷன் அரிசியும் முருங்கைக்கீரையும்தான், ஆனால் அந்தக் கீரையை அம்மா பொரியலாக, கூட்டாக, அடையாக, தண்ணிச்சாறாக மாற்றி மாற்றிச் செய்ததில் எனக்கு அலுப்புத் தட்டவேயில்லை. பஞ்சம் என்று பெரியவர்கள் பேசும்போதெல்லாம் அது வேறு யாருக்கோ வந்திருக்கிறது என்றே நினைத்திருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் அது முதலில் பிடித்தது மாமாவை. மாமா அம்மாவின் ஒரே தம்பி, சிதம்பரத்தில் கல்யாணச் சமையல் மாஸ்டர். விளைச்சல் இல்லையென்றால் கல்யாணம் இல்லை, கல்யாணம் இல்லையென்றால் மாமாவின் கரண்டிக்கு வேலை இல்லை. நடந்த ஒன்றிரண்டு கல்யாணத்தையும் கோயிலில் தாலி கட்டி, ஓட்டலில் டிபன் வாங்கிக் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். மாமாவின் ஆட்கள் சும்மா உட்கார்ந்து சீட்டாடினார்கள். அப்போதுதான் கடலூர் ஏஜெண்டு ஒருவர், குவைத்தில் ஒரு பெரிய ஓட்டலுக்குச் சமையல்காரர் வேண்டும் என்றார். மாமா தன் நீளக் கரண்டியைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். அங்கே கரண்டி இருக்காதா என்று அப்பா கேட்டதற்கு, "கரண்டி இருக்கும். என் கைக்கு இதான் வாகு" என்றார். அம்மா அழுதாள். அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை. பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள இந்தத் தம்பி ஒருவன்தான்.

மாமா வெள்ளிக்கிழமைதோறும் போன் பண்ணுவார். போன் எங்கள் வீட்டில் இல்லை, எதிர்வீட்டில் இருந்தது. எதிர்வீட்டுக்காரரை ஊரே மிலிட்டரிக்காரர் என்று சொல்லும். எங்களுக்கு அவர் மிலிட்டரி பெரியப்பா. பட்டாளத்தில் இருந்தபோது ஐ.நா. அமைதிப் படையோடு ஆப்பிரிக்கா வரைக்கும் போய் வந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் பால் வாங்கப் போவதைக்கூட அணிவகுப்பு மாதிரிதான் போவார். அவர் வீட்டு டிவி மருமகள்களின் சீரியலுக்கு அடிமைப்பட்டிருந்ததால், ராத்திரி எட்டு மணிச் செய்திக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அப்பாவுக்கும் செய்தி கேட்காமல் சோறு இறங்காது. இரண்டு பேரும் நாளைக்குப் பரீட்சை இருப்பதுபோல டிவியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த வருஷம் செய்தியைப் போட்டால் ஈராக்தான். புகை, இடிந்த சுவர், ஓடுகிற ஜனம். குவைத்திலிருந்து அங்கே வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட ஆட்களைப் பற்றி, லாரியோடு பிடித்து வைக்கப்பட்டிருந்த டிரைவர்களைப் பற்றி, அவர்கள் வீட்டுப் பெண்கள் வாசலில் உட்கார்ந்து அழுவதைப் பற்றியெல்லாம் சொன்னார்கள். குவைத் என்ற பேர் காதில் விழுந்ததும் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். குவைத் வேறு, ஈராக் வேறு, நடுவில் பார்டர் இருக்கிறது என்று அப்பா விளக்கம் சொல்லுவார். பெரியப்பாவும் ஆமாம் என்பார். அம்மா திரும்பிப் போய்க் கீரையைக் கிண்டுவாள்.

போன் வந்தால் முதலில் ஓடுகிறவள் நான். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு தெருவைத் தாண்டி வருவதற்குள் மாமாவோடு ஒரு பாட்டம் பேசி முடித்துவிடுவேன். மாமாவின் முதல் கேள்வி, என்ன குழம்பு என்பது. நான் சொன்னதும் அதில் என்ன குறை இருந்திருக்கும் என்று அங்கிருந்தே கண்டுபிடித்துச் சொல்லுவார். ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது மாமாவின் பக்கத்திலிருந்து டமார் டமார் என்று சத்தம் கேட்டது. பிறகு மாமா பழையபடி குழம்புக்கு வந்தார். அங்கே தீபாவளியா என்று கேட்டேன்.

"ஆமாண்டி தங்கம். இங்க தெனம் தீபாவளிதான்" என்றார்.

இப்படி ஒரு ஊர் இருக்கும்போது நம்மை எதற்குக் கீரப்பாளையத்தில் வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அம்மா வந்ததும் ரிசீவரை நீட்டிக்கொண்டே, குவைத்தில் தினமும் வெடி வெடிக்கிறார்களாம், என் காதால் கேட்டேன் என்று கத்தினேன். எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியப்பா பேப்பரை இறக்கினார். அம்மா எப்போதும்போலத்தான் பேசினாள், சாப்பிட்டாயா, எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறாயா என்றெல்லாம். வைத்த பிறகு என்னை மட்டும் வீட்டுக்குப் போகச் சொன்னாள். அவள் திரும்பி வர நேரமானது. எதிர்வீட்டுப் பெரியம்மாவோடு ஊர்க்கதை பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அம்மாவுக்குப் பாட்டுப் பைத்தியம் பிடித்தது. எட்டு மணியானால் எங்கிருந்தாலும் வந்து பாட்டுச் சானலை வைத்துவிடுவாள். அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நாள் முழுக்க வேலை செய்கிறேன், எனக்கு ஒரு பாட்டுக் கேட்கக்கூட உரிமை இல்லையா என்று அம்மா சண்டைக்கு வந்தாள். எதிர்பாராத இடத்திலிருந்து அம்மாவுக்கு ஆதரவு கிடைத்தது. "பொம்பளங்க ஆசப்படறாங்க, வுடு தம்பி" என்றார் பெரியப்பா. அப்பா வேறு வழியில்லாமல் பாதிச் செய்தியோடு திருப்திப்பட்டுக்கொண்டார். எனக்கு அம்மாவை முன்னைவிட ரொம்பப் பிடித்துப்போனது.

ஆடி மாதம் அக்கா பெரியவளானாள். இந்த மாதிரி நேரத்தில் முதல் தகவல் தாய்மாமனுக்குத்தான் போகவேண்டும். பச்சைத் தென்னங்கீற்றில் பெண்ணுக்குக் குடிசை கட்ட வேண்டியவர் அவர். பிறகு சடங்கு வைக்கிற நாளில் சீர்த்தட்டோடு ஊர்வலமாக வரவேண்டியவரும் அவர். தாய்மாமன் சீர் இல்லாமல் சடங்கு நடந்தால், அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு நாதியில்லை என்று ஊர் எழுதி ஒட்டிவிடும். மாமா போனில் தகவலைக் கேட்டு அழுதார், சிரித்தார், வந்துவிடுகிறேன் என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை, ஓட்டலில் லீவு தரவில்லை என்றார்.

இந்தச் செய்தி பண்ருட்டிக்குப் போன வேகத்தில் பஸ்கூடப் போயிருக்காது. பண்ருட்டியில் அப்பாவின் அக்கா இருந்தார். அத்தை வீட்டில் முந்திரி வியாபாரம். தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அவர்களுக்கு லாரி ஓடும். அத்தை கெட்டவர் இல்லை. வரும்போதெல்லாம் முந்திரியும் பலாப்பழமும் கொண்டுவருவார், அதை எல்லாரும் பார்க்கிற மாதிரி கொண்டுவருவார், அவ்வளவுதான். இந்த முறையும் நல்ல மனசோடுதான் வந்து உட்கார்ந்தார். "ஒன் தம்பி வரலன்னா போறான். மாமன் சீரையும் நாங்களே செஞ்சிடறோம். எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணுதானே" என்றார். அம்மா சிரித்து வைத்தாள். அவர் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். புருஷன் வீட்டார் எடுத்து வருகிற சீரைத் தாய்மாமன் சீர் என்று வாங்கிக்கொண்டால், பிறகு ஆயுசுக்கும் அத்தையின் முன்னால் தலை தூக்க முடியாது. அது எனக்கே புரிந்தது.

அம்மாவைக் காப்பாற்றியது மாமாவின் சமையல் கோஷ்டி. யார் சொல்லியும் இல்லை, அவர்களாகவே சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்து அக்காவுக்குக் குடிசை போட்டார்கள். சமையல் கொட்டகை போட்டே பழகிய கைகள். குடிசை அழகாகத்தான் இருந்தது, ஆனால் பழக்கதோஷத்தில் புகை போக மேலே ஒரு வழியும் வைத்துவிட்டார்கள். அவர்களில் மூத்தவர் மாமாவுக்கு அடுத்த நிலையில் ரசம் வைக்கிறவர், அதனால் ரசத்துக்காரர். "சீரப் பத்தி நீங்க கவலப்படாதீங்கக்கா. மாஸ்டர் பார்சல் குடுத்து அனுப்பறாரு. நாங்க எடுத்துகிட்டு வர்றோம்" என்றார். மாமாவோடு வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிய யாரோ ஒருவர் அந்தப் பார்சலை அவரிடம் சிதம்பரத்தில் சேர்த்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று அம்மா கேட்டதற்கு, வந்து பாருங்கள், பண்ருட்டி அசந்துபோகும் என்று மட்டும் சொன்னார்.

ஆவணியில் சடங்கு. தெருவை அடைத்துப் பந்தல், பந்தலை அடைத்து ஸ்பீக்கர். பிள்ளையார் கோயிலிலிருந்து மாமன் சீர் புறப்பட்டது. எப்போதும் பனியனும் கைத்துண்டுமாகப் பார்த்த சமையல்காரர்கள், வெள்ளை வேட்டி சட்டையில் நெற்றி நிறைய விபூதியோடு ஆளுக்கொரு தட்டு ஏந்தி வந்தார்கள். தேங்காய், பழம், மஞ்சள், புடவை, கண்ணாடி வளையல், பிறகு வெளிநாட்டு சோப்பு, சென்ட்டு, பூப்போட்ட போர்வை. எல்லாவற்றுக்கும் நடுவில் ரசத்துக்காரர் தலைக்கு மேலே தூக்கி வந்த பெரிய தாம்பாளத்தில், மண் நிறத்தில் தடித்தடியான பிளாஸ்டிக் பாக்கெட்டுகள் கோபுரம் மாதிரி அடுக்கப்பட்டிருந்தன. சுற்றிலும் மல்லிகைச் சரம். உச்சிப் பாக்கெட்டில் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். படித்த பிள்ளை ஒருவன் மேலே இருந்த எழுத்தைக் கூட்டிப் படித்து, அமெரிக்காவில் செய்த சாப்பாடு என்று அறிவித்தான். குவைத் சாமானை எதிர்பார்த்த தெருவுக்கு அமெரிக்காவே வந்து இறங்கியதில் ஒரே சலசலப்பு. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். சிரித்தபடிதான் நின்றாள், ஆனால் அந்தத் தாம்பாளத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அத்தை அசரவில்லை. மாமன் எங்கே என்பது அவருடைய முதல் கேள்வி. "மாஸ்டர் வரலன்னா என்னாங்க, அவரு கைச்சோறு தின்னு வளந்த நாங்க எல்லாரும் மாமன்தான்" என்றார் ரசத்துக்காரர். அத்தை கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து அழுத்திப் பார்த்தார். நாற்காலியின் கையில் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்றது.

"சூளைக் கல்லத் தட்டுல வெச்சித் தூக்கிகிட்டு வர்ற பழக்கம் எங்க பக்கத்துல இல்லம்மா" என்றார். பந்தலில் சிலர் சிரித்துவிட்டார்கள். அத்தை குரலைத் தணித்து, அதே நல்ல மனசோடு, "கார்ல நான் எல்லாம் எடுத்து வெச்சிருக்கேன். கொண்டாரச் சொல்லட்டா?" என்றார்.

மேளம் நின்றிருந்தது. அக்காகூடத் தலையை நிமிர்த்திவிட்டாள். சரி என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சமையல்காரர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு அப்படியே சிதம்பரம் போயிருப்பார்கள்.

அப்போதுதான் முதல் வரிசையிலிருந்து பெரியப்பா எழுந்து நேராக நடந்து வந்தார். அத்தையின் கையிலிருந்த பாக்கெட்டை வாங்கினார், திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார். பாக்கெட்டைக் கிழித்து உள்ளேயிருந்த சின்னச் சின்னப் பைகளை வெளியில் எடுத்தார். ஒரு பையை இன்னொன்றுக்குள் நுழைத்து, கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி, மடித்து, சீர்த்தேங்காய் ஒன்றின்மேல் சாய்த்து வைத்தார். எல்லாரும் எழுந்து வந்து பார்த்தார்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பைக்குள் புஸ்ஸென்று ஒரு சத்தம். அப்புறம் ஆவி. இட்லிப் பானையைத் திறந்தாற்போல ஆவி வந்துகொண்டே இருந்தது. ரசத்துக்காரர் நம்பாமல் தொட்டுப் பார்த்து விரலைச் சுட்டுக்கொண்டார்.

"அடுப்பு இல்ல, வெறகு இல்ல, காஸ் இல்ல. இது நம்ம ஊருக்கு வந்துச்சின்னா நம்ம பொழப்பு போச்சுடா" என்றார் தன் ஆட்களைப் பார்த்து.

பந்தல் கலகலத்துப்போனது. கடைசி வரிசைக் கிழவர்கள் பெஞ்சுமேல் ஏறி நின்றார்கள். அத்தை கன்னத்தில் கைவைத்தபடி, இது எங்கே கிடைக்கிறது என்று கேட்டார். பெரியப்பா ஒரு நொடி அம்மாவைப் பார்த்தார்.

"குவைத்துல பெரிய பெரிய கடையிலதான் கெடைக்கும். வெல ஜாஸ்தி" என்றார்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேளம் மறுபடியும் முழங்கியது. சூடான சாப்பாட்டின் முதல் வாய் அக்காவுக்கு. அவள் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி முகத்தைச் சுளித்தாள். ரசத்துக்காரர் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்து, "உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார். மிச்சத்தை நான் தின்றேன். நன்றாகவே இருந்தது. மஞ்சள் தண்ணீர் ஊற்றி எல்லாம் முறைப்படி முடிந்தது. அத்தையின் காரிலிருந்த சீர் அத்தை சீராகவே வந்து இறங்கியது. போகும்போது அத்தை இரண்டு பாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். பண்ருட்டியில் போய் அவரும் தண்ணீர் ஊற்றிக் காட்டியிருப்பார்.

இன்னொரு பாக்கெட்டு கிடைக்குமா என்று நான் பெரியப்பாவைத் தேடிப் போனபோது, அப்பா அவரைச் சமையல் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தார். நான் கீற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"கடையில விக்கிறதுன்னா ஒங்களுக்கு எப்படிண்ணே தெரியும்? நீங்க குவைத்துக்குப் போனதே இல்லையே" என்று அப்பா கேட்டார்.

பெரியப்பா குரலைத் தணித்துக்கொண்டார். "இது கடையில விக்கிறது இல்ல தம்பி. பட்டாளத்துக்குக் குடுக்கற சாப்பாடு. ஆப்பிரிக்காவுல அமெரிக்காக்காரங்க எங்களுக்குக் குடுத்திருக்காங்க" என்றார்.

அப்பா பக்கத்திலிருந்த அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "எங்க வீட்ல மட்டும் தெரிய வேணாம்ணே. தாங்க மாட்டா" என்றார். அதைக் கேட்டதும் பெரியப்பா ஏனோ நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, ஏதோ சொல்லவந்து சொல்லாமல், சரி தம்பி என்று மட்டும் சொன்னார்.

எனக்கு விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது. பெரியப்பாவுக்கு மிலிட்டரி கேன்டீனில் சோப்பும் பிஸ்கெட்டும் மலிவாகக் கிடைக்கும். நாங்களே வாங்கியிருக்கிறோம். மாமாவும் அதே மாதிரி ஏதோ கேன்டீனில் மலிவாக வாங்கிச் சீரில் வைத்துவிட்டார். தம்பியின் சீர் கேன்டீன் சாமான் என்று தெரிந்தால் அம்மாவால் தாங்க முடியாதுதான். அத்தைக்குத் தெரிந்தால் கேட்கவே வேண்டாம். குடும்ப மானம் என் கையில் இருக்கிறது என்று முடிவுசெய்து அன்று முழுக்க வாயை இறுக்கி மூடிக்கொண்டு திரிந்தேன். வயிறு சரியில்லை என்று நினைத்து அம்மா எனக்குக் கஷாயம் கொடுத்தாள்.

அன்றோடு அப்பாவும் செய்தி பார்ப்பதை விட்டுவிட்டார். எட்டு மணியானால் அவரே பாட்டுக் கேட்கலாம் என்பார். பெரியப்பாவும் வழக்கம்போல வந்து முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, மரத்தைச் சுற்றி ஓடுகிறவர்களை அசையாமல் பார்த்துக்கொண்டிருப்பார். செய்தி நேரம் முடிந்ததும் எழுந்து போய்விடுவார். அடுத்த வருஷமும் அப்படியே. அதற்குள் வராத தண்ணீர் வந்து, போதும் போதும் என்கிற அளவுக்கு வந்து, வயலையும் எங்கள் கிரிக்கெட்டையும் சேர்த்து மூழ்கடித்தது.

அதற்கும் அடுத்த வருஷம் மாமா கரண்டியோடு திரும்பி வந்தார். இளைத்திருந்தார், காது கொஞ்சம் மந்தமாகியிருந்தது, மற்றபடி முழுசாக இருந்தார். வந்த அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம், பெரியப்பாவும் இருந்தார். மாமா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஒரு பொய் சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்தார். குவைத்தில் இறங்கிய கொஞ்ச நாளிலேயே தன்னை ஈராக்குக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார். அமெரிக்கப் பட்டாளத்து முகாமில் சமையல் வேலை. சளி பிடித்த ஒரு சிப்பாய்க்கு மிளகு ரசம் வைத்துக் கொடுக்கப்போய், மறுநாள் அதற்கென்றே ஒரு வரிசை நின்றதைச் சொல்லிச் சிரித்தார். ஒருநாள் குண்டு வந்து சமையல்கட்டுக் கூரையில் விழுந்ததையும், தான் அரிசி களைந்த தண்ணீரைக் கொட்ட வெளியே போயிருந்ததையும் அதே சிரிப்போடு சொன்னார். பிறகு அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும்டா. தெனம் தீபாவளின்னு சின்னக்குட்டி வந்து சொன்னப்பவே தெரியும்" என்றாள் அம்மா.

அப்பா அவளை வெறித்துப் பார்த்தார். "ஒனக்குத் தெரியுமா? சடங்கு அன்னைக்கித்தான் எனக்கே தெரிஞ்சுது. நீ தாங்க மாட்டேன்னுதான் நான் வாயத் தெறக்கல."

"நீங்க தாங்க மாட்டீங்கன்னு நான் சொல்லல. வேலயும் இல்லாம ஏற்கெனவே ஒடிஞ்சிபோயி உக்காந்திருந்தீங்க."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பட்டாளத்து மனிதர் முதல் தடவையாக முதுகை வளைத்துச் சுவரில் சாய்ந்தார். "அவுங்களும் சொல்லாதீங்கன்னாங்க, நீயும் சொல்லாதீங்கன்ன. ரெண்டு வருஷமா அந்தப் பாட்டையெல்லாம் நான் வேற எதுக்குக் கேட்டேன்?" என்றார். அம்மா சிரிக்கத் தொடங்கி அழுகையில் முடித்தாள். அப்பா அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். எங்கள் முன்னால் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு எனக்குப் பன்னிரண்டு வயது. கேன்டீன் சங்கதி தவறு என்பது மட்டும் புரிந்தது. மற்றதெல்லாம் புரிய இன்னும் வெகுநாள் பிடித்தது. எனக்கென்று ஒரு வீடு வந்து, ஒருவருக்குத் தெரியக்கூடாது என்று நானும் சிலதை மறைக்கத் தொடங்கிய பிறகுதான். இப்போதெல்லாம் அந்த எட்டு மணிதான் நினைவுக்கு வருகிறது. செய்தியின் முதல் இசை ஒலித்ததும் அப்பாவும் அம்மாவும் ஒரே நேரத்தில் ரிமோட்டுக்குக் கை நீட்டுவார்கள். சில நாள் அப்பாவின் கைக்கு அது கிடைக்கும், சில நாள் அம்மாவின் கைக்கு. யார் மாற்றினாலும் மற்றவர் மூச்சை விட்டுவிட்டுப் பின்னால் சாய்ந்துகொள்வார். பாட்டுக்காக இப்படி அடித்துக்கொள்கிற அப்பா அம்மா வேறு யாருக்கும் இல்லை என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.